பழந்துப்பாக்கிச் சேகரிப்பைக் கைமாற்றுவது எப்படி

முப்பது நாற்பது வருடம் தேடித் தேடிச் சேர்த்த பழைய துப்பாக்கிகளை வயதான காலத்தில் யாரிடம் விடுவது? பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இதில் ஆர்வம் இருக்காது. ஆர்வம் இருந்தால் இடமோ உரிமமோ இருக்காது. எந்தத் துப்பாக்கி யாரிடமிருந்து வந்தது என்று தயங்காமல் சொல்ல முடிகிற காலத்திலேயே வேலையைத் தொடங்கிவிடுங்கள். அந்த ஞாபகத்துக்கும் சந்தையில் விலை உண்டு. இருபது, முப்பது உருப்படி என்றால் முழுசாக முடிய இரண்டு வருடம் பிடிக்கும்.

முதல் வேலை, ஒவ்வொன்றும் காலியாக இருக்கிறதா என்று பார்ப்பது. வாய்வழி கெட்டிக்கிற துப்பாக்கிகளில் எப்போதோ போட்ட மருந்தும் குண்டும் அப்படியே கிடப்பது அதிசயமில்லை. கரிமருந்து நாள்பட்டதால் செத்துப்போவதில்லை. நனைந்தாலும் காய்ந்தபின் பற்றிக்கொள்ளும். கேப்பு (சுத்தியல் அடித்ததும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) செருகியிருக்கிறதா, சக்கிமுக்கித் துப்பாக்கியானால் பொறி விழும் கிண்ணியில் மருந்து தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு வாயை ஆளில்லாத பக்கம் திருப்பி, முகமோ கையோ அதற்கு நேரே வராமல், ஒரு மெல்லிய மரக்குச்சியை முட்டும்வரை உள்ளே விடுங்கள். இரும்புக் கம்பி வேண்டாம், பொறி தட்டும். குழல் வாய் மட்டத்தில் குச்சியில் பென்சிலால் கோடு போட்டு வெளியே எடுத்து, கோடு வாயோடு பொருந்தும்படி குழலின் வெளிப்பக்கமாக வைத்துப் பாருங்கள். குச்சியின் நுனி தீ போகும் துளை வரைக்கும் எட்ட வேண்டும். அடிப்பகுதி குறுகிய குழல்களில் சற்று முன்னாலேயே நின்றுவிடும். இரண்டு விரல்கடை குறைந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சுட்டுக் காலி செய்யலாம் என்ற நினைப்பே வேண்டாம். அனுபவமுள்ள துப்பாக்கித் தச்சரைக் கூப்பிடுங்கள். சுழல் துப்பாக்கியில் ஒவ்வொரு அறையையும் தனித்தனியே பார்க்க வேண்டும். பலரும் மறப்பது மருந்துக் குடுவையையும் கேப்பு டப்பாவையும். அவற்றிலும் மிச்சம் இருக்கும். அவற்றைத் துப்பாக்கியோடு ஒரே பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது.

அடுத்தது, கை துறுதுறுத்தாலும் செய்யக் கூடாத காரியம்: பளபளப்பாக்குவது. விற்கப் போகிறோமே என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கட்டைக்கு வார்னிஷ் அடித்து, குழலுக்குப் புதிதாக நீலம் (துருவைத் தடுக்க இரும்பில் ஏற்றும் கருநீல நிறம்) ஏற்றினால் பாதி விலை அங்கேயே போய்விடும். தேய்க்கும்போது முத்திரைகளின் விளிம்பு மழுங்கும், மூலைகள் உருண்டுவிடும். வாங்குபவர் முதலில் பார்ப்பதே அந்த விளிம்புகளைத்தான். உலர்ந்த பருத்தித் துணியால் தூசு தட்டலாம். புதிதாகப் பூத்த செந்துரு இருந்தால் இரண்டு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு ஊறவைத்துத் துணியால் ஒற்றி எடுக்கலாம். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தோல் உறைக்குள் வைத்திருந்தால் வெளியே எடுங்கள். தோல் ஈரத்தையும் அமிலத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். இரும்பு அரிக்கும், பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறும். உறையைத் தனியாக வைத்து, இரண்டுக்கும் ஒரே எண் கொடுங்கள்.

இனி பட்டியல். உண்மையான உழைப்பு இங்கேதான். எண்ணைக் காகித அட்டையில் எழுதி விசையைச் சுற்றியுள்ள காப்பு வளையத்தில் பருத்தி நூலால் கட்டுங்கள். ஒட்டும் சீட்டு வேண்டாம், அதன் பசை மரத்தின் பூச்சைப் பிய்த்துக்கொண்டு வரும். ஒரு பதிவு இப்படி இருக்கலாம்: "எண் 14. 1853 மாதிரி என்ஃபீல்டு, மூன்று வளையம், .577 துளை, குழல் 39 அங்குலம். சுத்தியல் பொருந்திய பூட்டுத் தகட்டில் மகுடமும் 1861ம். கட்டையின் இடப்பக்கம் இரண்டு அங்குல விரிசல், பழைய ஒட்டு. கெட்டிக்கும் கோல் பின்னால் சேர்த்தது. ரசீது உறை 14இல்." குறையை நீங்களே எழுதிவிட்டால் மற்ற வரிகளையும் வாங்குபவர் நம்புவார்.

சோதனை முத்திரைகளை, அதாவது குழல் தாங்குகிறதா என்று சுட்டுப் பார்த்தபின் வெட்டிய குறிகளை, பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுங்கள். லண்டன், பர்மிங்காம், பெல்ஜியத்தின் லியேஜ் ஆகிய இடங்களின் முத்திரைகள் வெவ்வேறு. லியேஜில் முட்டை வடிவத்துக்குள் ஈஎல்ஜி என்ற எழுத்துகள் இருக்கும். கோல்ட் 1851 நேவி போன்ற சுழல் துப்பாக்கியில் உடற்சட்டம், குழல், உருளை, விசைக் காப்பு என்று பல உறுப்புகளில் வரிசை எண் வெட்டியிருக்கும். எல்லாம் ஒத்துப்போனால் ஒரு விலை, ஒன்று மாறியிருந்தால் வேறு விலை. இந்த மாதிரிகளுக்கு இருபதாம் நூற்றாண்டில் இத்தாலியில் ஏராளமாக நகல் செய்தார்கள். அவற்றில் கட்டத்துக்குள் வெட்டிய ஆண்டுக் குறியீட்டு எழுத்துகளைக் காணலாம். முத்திரை தேடுகிறோம் என்று திருகுகளைக் கழற்றாதீர்கள். பொருந்தாத திருப்புளி ஒரே சுற்றில் திருகின் தலையைக் கெடுத்துவிடும்; கெட்ட திருகைப் பார்த்ததும் உள்ளே யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்ற சந்தேகம் வரும்.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்க மத்திய சட்டம் 1898 அல்லது அதற்கு முன் தயாரானவற்றைத் தொன்மையானவை என்கிறது. பிரிட்டனில் தயாரித்த காலத்தோடு, எந்தத் தோட்டாவைச் சுடும் என்பதும் கணக்கு. இந்தியாவில் நூறு வருடத்துக்கு மேற்பட்ட தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ஒரே துப்பாக்கி ஓரிடத்தில் அலங்காரப் பொருள், எல்லை தாண்டினால் உரிமம் கேட்கும் ஆயுதம். பிடியில் யானைத் தந்தம் பதித்திருந்தால் துப்பாக்கிக்குத் தடை இல்லாவிட்டாலும் தந்தத்துக்கு இருக்கலாம். தந்தமா எலும்பா என்று பார்க்கச் சூடான ஊசியால் குத்துகிற பழைய வழக்கம் பொருளைக் கெடுப்பதுதான் மிச்சம். உருப்பெருக்கிக் கண்ணாடியே போதும்: எலும்பில் சிறு கரும்புள்ளிகள் தெரியும், தந்தத்தின் குறுக்கு வெட்டில் ஒன்றையொன்று வெட்டும் வளைகோடுகள் தெரியும்.

மதிப்பீட்டாளரிடம் எந்த மதிப்பு வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள். காப்பீட்டு மதிப்பு எப்போதும் மேலே நிற்கும், ஏல மதிப்பு கீழே. காப்பீட்டுத் தாளைப் பார்த்து விலையை எதிர்பார்த்தவர்கள்தான் பின்னால் ஏமாந்ததாகப் புலம்புவார்கள். மதிப்பிடுபவரே வாங்குபவராகவும் இருக்கக் கூடாது.

வியாபாரி உடனே பணம் தருவார், குறைத்துத் தருவார். அவருக்கும் லாபம் வேண்டும். ஏலத்தில் இரண்டு பக்கமும் பிடித்தம் உண்டு. 100க்கு ஏலம் முடிந்தது, வாங்குபவர் 125 கொடுத்தார், உங்கள் கைக்கு 85 வந்தது என்றால் அதில் மர்மம் எதுவும் இல்லை. படக் கட்டணம், காப்பீடு, விற்காமல் திரும்பினால் என்ன கட்டணம், குறைந்தபட்ச விலை வைக்கலாமா, இந்த நான்கையும் கையெழுத்துக்கு முன் எழுத்தில் வாங்குங்கள். ஒரே மாதிரித் துப்பாக்கி ஏழெட்டு இருந்தால் ஒரே ஏலத்தில் இறக்காதீர்கள், விலை விழும். ஜோடிக் கைத்துப்பாக்கியையும், குண்டு வார்க்கும் அச்சு, குடுவை, கருவிகளோடு பெட்டியில் வந்த தொகுப்பையும் பிரிக்கவே கூடாது. சக சேகரிப்பாளருக்குக் கொடுப்பதே என் கணக்கில் முதல் தெரிவு. பிடித்தமும் இல்லை, பொருளின் அருமையும் தெரியும்.

அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பதானால், காட்சிக்கு வைப்பார்களா கிடங்கில் போடுவார்களா, பிற்காலத்தில் விற்க உரிமை கேட்கிறார்களா என்று விசாரியுங்கள். பட்டியலும் கடிதங்களும் இல்லாத பொருளைப் பலர் தொடவே மாட்டார்கள்.

உயிலில் "துப்பாக்கிகள்" என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடாமல் பட்டியலை இணையுங்கள். உயிலை நிறைவேற்றுபவர் கலந்துபேச விஷயம் தெரிந்த ஒருவரின் பெயரையும் எழுதுங்கள். உரிமம் தேவைப்படும் உருப்படிகளைத் தனியே குறியுங்கள். தெரியாமல் வைத்திருந்தாலும் வாரிசு வழக்கில் மாட்டலாம்.

ஒவ்வொன்றும் கைமாறும் அன்றே வரிசை எண்ணோடு ரசீது எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். உரிமப் பதிவிலும் காப்பீட்டிலும் அந்த எண்ணை நீக்கச் சொல்லி, நீக்கியதற்கான தாளைப் பட்டியலோடு கோத்து வையுங்கள்.