எந்த அட்லஸ் என்று கண்டுபிடிப்பது எப்படி

கிளிநொச்சியில் மாலை வகுப்பு எடுக்கிறேன். போன கிழமை "அட்லஸை எடுங்கோ" என்றேன். பாதிப் பேர் பேனையைத் தூக்கினார்கள், ஒருவன் கொப்பியைக் காட்டினான், ஒருத்தி மட்டும் வரைபடப் புத்தகத்தை எடுத்தாள். இங்கே அட்லஸ் என்பது பேனை, கொப்பியின் வணிகப் பெயரும்தான். எதை என்று சொல்லாத பிழை என்னுடையதுதான்.

முதலில் மூல ஆளைப் பிடியுங்கள். கிரேக்கக் கதையில் அட்லஸ் ஒரு டைட்டன், அதாவது பழைய தெய்வக் குலத்தவன். தேவர்களின் அரசன் சீயஸை எதிர்த்துத் தோற்றதால் வானத்தைச் சுமக்கும் தண்டனை பெற்றவன். பூமியை அல்ல, வானத்தை. இதில் படித்தவர்களே சறுக்குவார்கள்.

அப்புறம் பக்கத்தில் நிற்கும் சொல்லைப் பாருங்கள். மொரோக்கோ, அல்ஜீரியா என்றால் மலைத்தொடர். சனி என்றால் அதன் சின்ன நிலா. விண்வெளி வீரர் ஜோன் கிளென், 1962 என்றால் ரொக்கெட்.

முள்ளந்தண்டு என்றால் கழுத்தின் முதல் என்பு. மண்டையைச் சுமப்பதால் அந்தப் பெயர். பிடரியில் கைவைத்து 'ஓம்' என்று தலையாட்டுங்கள்: அந்த அசைவு பெரும்பாலும் மண்டையோட்டுக்கும் அட்லஸுக்கும் இடையில். 'இல்லை' என்று ஆட்டினால், அட்லஸ் தனக்குக் கீழுள்ள என்பின்மேல் திரும்புகிறது. உயிரியல் பிள்ளைகளுக்கு இதுவே போதும், மறக்கமாட்டார்கள்.

வரைபடப் புத்தகத்தில்தான் சிக்கல். 1595இல் வெளிவந்த வரைபடக்காரர் மெர்கேட்டரின் தொகுப்பால் பரவிய பெயர் அது. அவர் மனதில் இருந்தவனோ அந்த டைட்டன் அல்ல, வட ஆபிரிக்காவின் பண்டைய மொரித்தானியாவை ஆண்டதாகச் சொல்லப்படும் அட்லஸ் அரசன்.

2025இல் கண்டுபிடிக்கப்பட்ட 3I/ATLAS வால்வெள்ளியை இந்தக் குடும்பத்தில் சேர்க்காதீர்கள். அதைக் கண்ட தொலைநோக்கித் திட்டத்தின் ஆங்கிலப் பெயர்ச்சுருக்கம் அது.