ஆபீஸ் பாஸ்வேர்டு தனி, சொந்த பாஸ்வேர்டு தனி: பிட்வார்டனில் பிரித்து வைப்பது எப்படி?

ஆக்டா நிறுவனத்தில் நடந்து 2023 அக்டோபரில் வெளியே தெரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்ற கம்பெனிகளின் ஊழியர்கள் பத்திரமாக லாகின் செய்ய வழி செய்து கொடுப்பதுதான் ஆக்டாவின் தொழிலே. அங்கே ஒரு ஊழியர் கம்பெனி லேப்டாப்பில் இருந்த குரோமில் தன் சொந்த கூகுள் கணக்கைத் திறந்து வைத்திருந்தார். வாடிக்கையாளர் சேவை அமைப்பின் ஒரு கணக்குக்கான பாஸ்வேர்டு அந்தச் சொந்தக் கணக்கில் போய் சேவ் ஆகியிருந்தது. அந்த வழியாகத்தான் திருடர்கள் உள்ளே வந்திருக்க வேண்டும் என்று ஆக்டாவே பிறகு சொன்னது. 134 வாடிக்கையாளர்களின் கோப்புகள் வெளியாள் கைக்குப் போயின. தாக்குதல் நடந்ததை முதலில் மோப்பம் பிடித்தது ஒன்பாஸ்வேர்டு, அதாவது பாஸ்வேர்டு மேனேஜர் (எல்லா பாஸ்வேர்டையும் ஒரே இடத்தில் பூட்டி வைக்கும் ஆப்) விற்கிற கம்பெனி!

இது கம்பெனிக்கு வரும் வினை. நமக்கு வரும் வினை வேறு: ஆபீஸ் கூகுள் கணக்கிலேயே பேங்க், ஈபி, ஐஆர்சிடிசி எல்லாவற்றையும் சேவ் செய்து வைத்திருப்போம், வேலையை விடும் நாளில் ஐடி டீம் அந்தக் கணக்கை மூடியதும் எல்லாம் சேர்ந்து போய்விடும்.

பிட்வார்டன் மாதிரி ஒரு பாஸ்வேர்டு மேனேஜரில் ஒரே கணக்கு திறந்து, 'ஆபீஸ்', 'வீடு' என்று இரண்டு ஃபோல்டர் போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. ஃபோல்டர் என்பது தேட வசதி, அவ்வளவுதான். மொத்தத்தையும் திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டு ஒன்று திருடு போனால் இரண்டு ஃபோல்டரும் போய்விடும். கணக்கே இரண்டாக இருக்க வேண்டும். இங்கே பிட்வார்டனை வைத்துச் சொல்கிறேன், ஏனென்றால் அதன் இலவசத் திட்டத்திலேயே எத்தனை பாஸ்வேர்டு வேண்டுமானாலும் எத்தனை கருவியில் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

முதலில் பேப்பரில் ஒரு பட்டியல்

எது எந்தப் பக்கம் என்று குழப்பம் வந்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நாளைக்கே வேலையை விட்டால் இந்த லாகின் என்னோடு வர வேண்டுமா? பேங்க், வருமான வரி போர்டல், டிஜிலாக்கர் எல்லாம் சந்தேகமே இல்லாமல் சொந்தம். பிஎஃப் கணக்கின் யுஏஎன் எண்ணை வேலை சம்பந்தப்பட்டது என்று பலர் ஆபீஸ் பக்கம் தள்ளிவிடுகிறார்கள், அது தவறு. கம்பெனி மாறினாலும் அந்த எண் மாறாது, அது உங்களுடையது. லிங்க்ட்இன்னும் அப்படித்தான். சம்பளச் சீட்டு வரும் எச்ஆர் போர்டல் மட்டும் ஆபீஸ் பக்கம், ஆனால் ஃபார்ம் 16-ஐ அங்கேயே விட்டுவைக்காமல் அவ்வப்போது இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டியல் போடும்போது இன்னொன்றும் கண்ணில் படும்: சொந்த உபயோகத்துக்கான கணக்கு, ஆனால் ஆபீஸ் மெயில் ஐடியில் திறந்தது. ஷாப்பிங் தளங்கள், ஏதோ ஒரு ஆன்லைன் கோர்ஸ், வலைத்தளப் பெயர் வாங்கிய இடம் என்று நிச்சயம் நாலைந்து தேறும். பாஸ்வேர்டை இடம் மாற்றுவதற்கு முன்னால் இவற்றின் மெயில் ஐடியை மாற்றுங்கள். மாற்றும்போது பழைய ஐடிக்கு உறுதிசெய்யும் மெயில் வர வாய்ப்புண்டு, அந்த இன்பாக்ஸ் உங்கள் கையில் இருக்கும்போதே முடிப்பதுதான் புத்திசாலித்தனம்.

சொந்தக் கணக்கு

உங்கள் சொந்த மெயில் ஐடியில், சொந்த கம்ப்யூட்டரில் அல்லது போனில் பிட்வார்டன் கணக்கு திறங்கள். மாஸ்டர் பாஸ்வேர்டுக்கு ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நாலைந்து சொற்கள் போதும். துடைப்பம், நெல்லிக்காய், வாடகை, ஆமை, தண்டவாளம் என்று தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் அடிக்கலாம் (இதையே வைத்துவிடாதீர்கள்). குறள், பாட்டு வரி, பிள்ளைகள் பெயர் வேண்டாம். மறந்துவிட்டால் பிட்வார்டன் கம்பெனியாலும் அதை எடுத்துத் தர முடியாது, அதனால் ஒரு தாளில் எழுதி வீட்டு பீரோவில், சொத்துப் பத்திரத்தோடு வையுங்கள். செட்டிங்ஸில் இரண்டு கட்ட லாகினை (பாஸ்வேர்டுக்குப் பிறகு இன்னொரு சோதனையும் கேட்பது) ஆன் செய்து, அந்தச் சோதனைக்கான போன் தொலைந்தாலும் உள்ளே போக உதவும் ரெக்கவரி கோடு ஒன்று அங்கே இருக்கும், அதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.

பிரவுசரில் இரண்டு புரொஃபைல்

குரோமில் வலது மேல் மூலையில் உள்ள படத்தைத் தட்டினால் புதிய புரொஃபைல், அதாவது தனி லாகின்களோடு இயங்கும் தனி குரோம் ஜன்னல், சேர்க்கும் வழி இருக்கும். 'ஆபீஸ்', 'வீடு' என்று பெயர் வைத்து வேறு வேறு நிறம் கொடுங்கள். எந்த ஜன்னலில் இருக்கிறோம் என்று நிறத்தைப் பார்த்ததும் தெரிய வேண்டும். ஒவ்வொரு புரொஃபைலிலும் பிட்வார்டன் எக்ஸ்டென்ஷனை (பிரவுசரில் சேர்க்கும் துணைக் கருவி) தனித்தனியாகப் போட்டு, அதற்குரிய கணக்கில் மட்டும் லாகின் செய்யுங்கள். ஒரே எக்ஸ்டென்ஷனில் ஐந்து கணக்குகள் வரை மாற்றி மாற்றிப் பார்க்கும் வசதி இருக்கிறதுதான், ஆனால் அவசரத்தில் எந்தக் கணக்கில் சேவ் செய்கிறோம் என்று யாரும் பார்ப்பதில்லை. அந்த வசதியைப் போனில் வைத்துக்கொள்ளலாம், அதுவும் சொந்தப் போனில் ஆபீஸ் கணக்கைச் சேர்க்கக் கம்பெனி அனுமதித்தால்.

இரண்டு புரொஃபைலிலும் குரோமின் 'பாஸ்வேர்டை சேவ் செய்யவா?' என்ற கேள்வியை அணைத்துவிடுங்கள். கூகுள் பாஸ்வேர்டு மேனேஜரின் செட்டிங்ஸில் இருக்கிறது. ஆக்டாவில் பிசகியது இந்த இடத்தில்தான்.

கம்பெனி லேப்டாப் என்றால் அதில் 'வீடு' புரொஃபைலே வேண்டாம் என்பது என் கட்சி. மதிய இடைவேளையில் பேங்க் பேலன்ஸ் பார்க்கப் போன் இருக்கிறது.

ஆபீஸ் கணக்கு

இதில் நீங்களாக எதையும் முடிவு செய்யாதீர்கள், ஐடி டீமைக் கேளுங்கள். கம்பெனி ஏதாவது ஒரு பாஸ்வேர்டு மேனேஜர் கொடுத்திருந்தால் அதுதான் உங்கள் ஆபீஸ் பெட்டி, பிட்வார்டனாக இல்லாவிட்டாலும் சரி. பிட்வார்டனே கொடுத்திருந்தால், புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போது 'ஓனர்' என்று ஒரு கட்டம் வரும், அதைக் கவனியுங்கள். அங்கே கம்பெனி பெயர் இருந்தால் அந்தப் பதிவு கம்பெனிக்குச் சொந்தம். உங்கள் பெயரைத் தேர்ந்தெடுத்தாலும், ஆபீஸ் மெயில் ஐடியில் திறந்த கணக்கு என்பதால் கடைசியில் அதன் சாவி கம்பெனியிடம்தான். அந்தக் கணக்கில் உங்கள் பேங்க் பாஸ்வேர்டுக்கு வேலையே இல்லை.

கேட்கும்போது இதையும் கேட்டுவிடுங்கள்: பிட்வார்டனின் என்டர்பிரைஸ் திட்டம், ஒன்பாஸ்வேர்டின் பிசினஸ் திட்டம் இரண்டிலும் ஊழியரின் குடும்பத்துக்கு இலவசக் கணக்கு உண்டு. அதைச் சொந்த மெயில் ஐடியில் திறக்க வேண்டும். பல பேருக்கு இது தெரியவே தெரியாது.

இடம் மாற்றுதல்

ஆபீஸ் கூகுள் கணக்கில் மாட்டிக்கொண்ட சொந்த பாஸ்வேர்டுகள் கொஞ்சம்தான் என்றால், போனில் சொந்த பிட்வார்டன் கணக்கைத் திறந்து கையாலேயே சேர்த்து, சேர்த்த கையோடு அந்தத் தளத்தில் பாஸ்வேர்டைப் புதிதாக மாற்றிவிடுங்கள். சொந்த கூகுள் கணக்கில் நூற்றுக்கணக்கில் இருந்தால் குரோமிலிருந்து சிஎஸ்வி கோப்பாக இறக்கி, பிட்வார்டன் வலைத்தளத்தில் 'டூல்ஸ்' பகுதிக்குப் போய் இம்போர்ட் செய்யலாம். ஒன்று, அந்தக் கோப்பில் ஆபீஸ் பாஸ்வேர்டுகள் கலந்திருந்தால் முதலில் அந்த வரிகளை நீக்குங்கள். அப்புறம், சிஎஸ்வியில் பாஸ்வேர்டு எல்லாம் பச்சையாக, யார் திறந்தாலும் படிக்கிற மாதிரி இருக்கும், அதனால் வேலை முடிந்ததும் டவுன்லோட்ஸிலும் ரீசைக்கிள் பின்னிலும் அழித்துவிடுங்கள். நாலைந்து தளங்களில் லாகின் செய்து பார்த்து, சரியாக வருகிறது என்று தெரிந்த பிறகு குரோமில் இருப்பதையும் அழித்துவிடுங்கள்.

பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதில் கைரேகை அல்லது பின் வைத்து உள்ளே விடும் டிஜிட்டல் சாவி) மட்டும் இந்தக் கோப்பில் வராது. சொந்தக் கணக்கு ஒன்றுக்கு ஆபீஸ் புரொஃபைலில் பாஸ்கீ வைத்திருந்தால், அந்தத் தளத்தின் செக்யூரிட்டி பக்கத்துக்குப் போய் 'வீடு' பக்கம் புதிதாக ஒன்று உருவாக்கி, அதை வைத்து ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துவிட்டுப் பழையதை நீக்குங்கள்.