செம்பனை நிலத்தில் கிளாம்பிங்: கூடாரம் வாங்கும் முன் கிராண்டை எடுத்துப் பாருங்கள்

பேராக்கில் பீடோர், தாப்பா பக்கம் இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருக்கிற நம்மவர்கள் இப்போது அடிக்கடி கேட்பது கிளாம்பிங், அதாவது வசதியான கூடாரத்தில் ஆட்களைத் தங்க வைக்கும் தொழில் பற்றித்தான். கேமரன் மலைக்கு ஏறுகிற வண்டிகள் நம் வாசல் வழியாகப் போகின்றன, செம்பனை விலையை நம்பி உட்கார முடியாது, அதனால் நாலு கூடாரம் போட்டு வார இறுதியில் ஆட்களைத் தங்க வைக்கலாம் என்பது நல்ல யோசனைதான். ஆனால் பேசுகிற எல்லாரும் கடைசியில் ஒன்றையே சொல்கிறார்கள்: "கூடாரம்தானே, சிமெண்ட் கூடப் போடல, இதுக்கு எதுக்கு பெர்மிட்?"

இந்த எண்ணத்தை முதலில் விடுங்கள். 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம், அதாவது சட்டம் 172, மேம்பாடு என்று சொல்வதில் கட்டடம் கட்டுவது மட்டுமல்ல, நிலத்தின் பயன்பாட்டைக் கணிசமாக மாற்றுவதும் அடங்கும். செம்பனை நின்ற இடத்தில் காசு வாங்கிக்கொண்டு ஆட்களைத் தூங்க வைத்தால் பயன்பாடு மாறிவிட்டது, அவ்வளவுதான். திட்டமிடல் அனுமதி இல்லாமல் இதைச் செய்தால் 5 லட்சம் வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். தண்டனைக்குப் பிறகும் தொடர்ந்தால் நாளுக்கு 5,000 வெள்ளி வரை தனியாக ஏறும்.

சரி, எங்கே தொடங்குவது? கிராண்டில், அதாவது நிலப் பட்டாவில். அதில் நிலத்தின் வகை எழுதியிருக்கும். 'பெர்த்தானியான்' என்றிருந்தால் விவசாய நிலம். தேசிய நிலச் சட்டத்தின் 115-வது பிரிவு அப்படிப்பட்ட நிலத்தில் என்ன கட்டலாம் என்று சொல்கிறது: உரிமையாளரோ வேலையாட்களோ தங்கும் வீடு, விவசாயத்துக்கான கொட்டகை, விளைச்சலைப் பதப்படுத்தும் இடம், இப்படி. வாடகைக்கு விருந்தாளி தங்கும் குடில் இந்த வரிசையில் சேராது. வகைக்குக் கீழே 'ஷாராட் ஞாத்தா' என்ற வரியையும் விடாமல் படியுங்கள்; நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற நிபந்தனை அங்கேதான் இருக்கும், ஒரே பயிரின் பெயரை மட்டும் போட்ட கிராண்டுகளும் உண்டு. இதை மாற்ற 124-வது பிரிவின் கீழ் நில அலுவலகத்தில் மனு போட வேண்டும். நமக்கு அது தாப்பாவில் இருக்கும் பத்தாங் பாடாங் மாவட்ட நில அலுவலகம். முடிவு மாநில அரசின் கையில், ஒப்புதல் கிடைத்தால் பிரீமியம், அதாவது மாற்றத்துக்கான கட்டணம், கட்டச் சொல்லி கடிதம் வரும், அதில் போட்ட தேதிக்குள் கட்டாவிட்டால் ஒப்புதல் போய்விடும். நிலம் மாநில விவகாரம் என்பதால் சிலாங்கூரில் இருக்கும் நண்பர் கட்டிய தொகையை வைத்து இங்கே கணக்குப் போடாதீர்கள்.

இன்னொன்று, நம் குடும்பங்களில் இது நிறையவே நடக்கிறது: கிராண்டில் இருப்பவர் உயிரோடு இல்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். தாத்தா பெயரிலேயே நிலம் கிடந்தது, சித்தப்பா கூடாரத்துக்கு முன்பணம் கட்டிவிட்டு வந்த பிறகுதான் மனுவில் உரிமையாளர்கள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பதே தெரிந்தது. முதலில் சிறு சொத்துப் பங்கீட்டு மனு, பிறகு பெயர் மாற்றம், அத்தைகளின் சம்மதம் என்று ஒவ்வொன்றாக முடித்தோம். கூடாரம் அதுவரை கட்டு பிரிக்காமலேயே கிடந்தது. உங்கள் வீட்டிலும் இந்த வேலை பாக்கியிருந்தால் அதை முடிக்காமல் வேறு எதற்கும் ஒரு வெள்ளி செலவழிக்காதீர்கள்.

அடுத்தது பாதை. தோட்டத்துச் செம்மண் சாலையில் நாம் சின்ன வயதிலிருந்து சைக்கிள் ஓட்டியிருக்கலாம், ஆனால் அது கம்பெனியின் சாலை, ராத்திரி கேட்டைப் பூட்டினால் உங்கள் விருந்தாளி வெளியேதான் நிற்பார், ஆம்புலன்ஸும்தான். உங்கள் லாட்டை, அதாவது நிலத் துண்டை, அரசாங்க ரிசர்வ் சாலை (சாலைக்கென்று ஒதுக்கிய நிலம்) தொடுகிறதா என்று அளவை வரைபடத்தில் பாருங்கள். இல்லையென்றால் நிலச் சட்டத்திலேயே வழியுரிமை கேட்டு நில நிர்வாகியிடம் மனு போட இடம் இருக்கிறது. வாய்வார்த்தை அனுமதியை நம்பித் தொழில் தொடங்க வேண்டாம்.

சரிவும் ஆறும்தான் எனக்கு உள்ளபடியே பயம் தருபவை. 2022 டிசம்பர் 16, சிலாங்கூரின் பத்தாங் காலி முகாம். விடியற்காலையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் மண் சரிந்து 31 பேர் இறந்தார்கள். அந்த இடத்துக்கு முகாம் நடத்த உரிமம் இல்லை. மண் வந்ததோ மேலே சாலையோரச் சரிவிலிருந்து. ஆகவே உங்கள் நிலம் சமமாக இருந்தால் போதாது, மேலே யாருடைய சரிவு இருக்கிறது என்று ஏறிப் போய்ப் பாருங்கள். 15 பாகைக்குக் கீழே இருந்தால் முதல் வகுப்புச் சரிவு, 25-க்கு மேல் போனால் மூன்றாம் வகுப்பு. அந்த இடத்தில் ஆள் தூங்கும் கூடாரமே வேண்டாம் என்பேன். ஆற்றோரம் அழகுதான், ஆனால் மலையில் பெய்த மழை இங்கே வெயில் அடிக்கும்போதே கெபாலா ஆயிராக, திடீர் வெள்ளமாக, இறங்கி வரும். ஆற்று ரிசர்வும் உண்டு, அதாவது கரையோரம் ஒதுக்கி விட வேண்டிய நிலம்: 5 மீட்டருக்கும் குறைந்த ஆற்றுக்கு ஒவ்வொரு கரையிலும் 5 மீட்டர், 10 முதல் 20 மீட்டர் அகல ஆற்றுக்கு 20 மீட்டர், 40-ஐத் தாண்டினால் 50.

இதெல்லாம் பார்த்தாயிற்றா, இப்போது தாப்பா மாவட்ட மன்றத்தின் திட்டமிடல் பிரிவுக்குப் போங்கள். மனுவோடு அல்ல, கிராண்ட் நகலும் கையால் வரைந்த ஒரு படமும் போதும். உள்ளூர்த் திட்டத்தில் உங்கள் லாட் எந்த மண்டலத்தில் வருகிறது, நில வகையை மாற்றியே ஆக வேண்டுமா அல்லது கால வரம்புள்ள அனுமதி கிடைக்குமா, முகாம் இடங்களுக்கென்று என்ன வழிகாட்டி வைத்திருக்கிறார்கள் என்று நேரடியாகக் கேளுங்கள். அதற்குப் பிறகுதான் பதிவுபெற்ற திட்டமிடுநரையோ கட்டடக் கலைஞரையோ பிடிப்பது. அவர் மன்றத்தின் ஓ.எஸ்.சி. (ஒரே இடத்தில் மனுக்களைப் பெறும் மையம்) வழியாக மனுவைச் சமர்ப்பிப்பார், அங்கிருந்து அது நீர்ப்பாசன வடிகால் துறை, பொதுப்பணித் துறை, தீயணைப்புத் துறை என்று சுற்றி வரும். உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதியென்றால் பக்கத்து நிலக்காரர்களுக்கும் கடிதம் போகும், ஆட்சேபிக்க அவர்களுக்கு 21 நாள். கடிதம் கையில் கிடைத்துத் திடுக்கிடுவதற்கு முன் நீங்களே போய் ஒரு டீ குடித்துக்கொண்டு சொல்லிவிடுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

கழிவறைக் கட்டடத்துக்கும் நிலையான மேடைக்கும் கட்டட வரைபட ஒப்புதல் தனி, கழிவுத் தொட்டியும் அதிலேயே பார்க்கப்படும். அப்புறம் மன்றத்தின் வியாபார உரிமம்.

திட்டமிடல் அனுமதி கிடைத்தால் 12 மாதத்துக்குள் வேலையைத் தொடங்குங்கள், நீட்டிக்கவில்லை என்றால் அது காலாவதியாகிவிடும். மறுத்தால் மனம் விட வேண்டாம், முடிவு கைக்கு வந்த ஒரு மாதத்துக்குள் மாநில மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம், அதனால் கடிதம் வந்த தேதியை உறையின் மேலேயே எழுதி வையுங்கள்.