சிறார் மாயக்கதைத் தொடரின் கடைசிப் பாகத்தை எழுதுவது எப்படி

தொடரின் முதல் பாகத்தில் எதை வேண்டுமானாலும் கடன் வாங்கலாம். பூட்டிய கதவு, பாதி சொல்லி நிறுத்திய சாபம், காணாமல் போன அண்ணன் என்று எதை வைத்தாலும் குழந்தைகள் நம்பி வாங்கிக்கொள்வார்கள். கடைசிப் பாகத்தில்தான் அத்தனையும் வசூலுக்கு வரும். ஆகவே எழுத உட்காரும் முன் கணக்கெடுத்துவிடுங்கள்.

முந்தைய பாகங்களை இரண்டு முறை படிக்க வேண்டும். முதல் முறை பேனா இல்லாமல், வாசகராக, இடைவெளி விடாமல். 'அப்புறம் இது என்ன ஆகும்?' என்று மனது தானாகக் கேட்கும் இடங்கள்தான் உண்மையான கடன்கள். இரண்டாம் முறை நோட்டோடு உட்காருங்கள். நான்கு கட்டம் போதும்: பாகமும் பக்க எண்ணும், கொடுத்த வாக்கு, அது தெரிந்த பாத்திரங்கள், அடைக்கப்போகும் அத்தியாயம். மூன்றாவது கட்டத்தைப் பலர் விட்டுவிடுவார்கள், பிறகு அதில்தான் மாட்டுவார்கள். இரண்டாம் பாகத்தில் அக்கா ஒட்டுக்கேட்ட ரகசியத்தைத் தம்பிக்கு யாருமே சொல்லியிருக்க மாட்டார்கள். கடைசிப் பாகத்தில் அவன் அதை வெகு சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்பான்.

பட்டியல் முடிந்ததும் மூன்றாகப் பிரியுங்கள். முழுக்காட்சி கேட்கும் கடன்கள் பத்துக்கு மேல் போகக் கூடாது. ஒரே வாக்கியத்தில் தீர்ந்துவிடுபவை நிறைய இருக்கும்; அவற்றைப் போகிற போக்கில் அடைத்துவிடலாம். வேண்டுமென்றே திறந்து விடுபவை இரண்டோ மூன்றோ. இப்படித் திறந்து விடுபவற்றைப் பாத்திரம் ஒருமுறையாவது வாய்விட்டுச் சொல்லட்டும்: 'அது யாருடைய குரல் என்று கடைசிவரை தெரியவே இல்லை.' அப்படிச் சொன்னால் புதிர். சொல்லாமல் விட்டால் மறதி.

வாக்கை எப்படி அடைப்பது என்பதற்கு ஒரு மாதிரி. முதல் பாகத்தில் ஒரு படகோட்டிக் கிழவர் சிறுமிக்கு எலும்பாலான விசில் ஒன்றைத் தருகிறார். ஊதினால் ஆறு கட்டுப்படும். ஆனால் மூன்று முறைதான். முதல் பாகத்தில் ஒரு முறை ஊதி உயிர் தப்புகிறாள். இரண்டாம் பாகத்தில் பயத்தில் ஒன்றை வீணடிக்கிறாள். மிச்சம் ஒன்று. கடைசிப் பாகத்தில், வில்லனின் கோட்டை வாசலில் அவள் அதை ஊதி, வெள்ளம் பாய்ந்து, அவன் அழிந்தால் என்ன ஆகும்? எட்டு வயதுக் குழந்தைகூட இதை மூன்றாம் பாகத்திலேயே ஊகித்திருக்கும். சண்டையை ஆறு ஜெயிக்கிறது. சிறுமி மூச்சு விட்டதோடு சரி.

இப்போது அந்த மூன்றாவது ஊதலைப் புத்தகத்தின் நடுப்பகுதிக்குக் கொண்டுவாருங்கள். வில்லனின் ஆள், அவளைத் துரத்தி வந்த பையன், சுழலில் மூழ்குகிறான். அவனைக் காப்பாற்ற ஊதிவிடுகிறாள். கோட்டை வாசலில் அவள் கையில் இருப்பது வெறும் எலும்புத் துண்டு. வில்லனுக்கு அது தெரியாது. அவள் விசிலை உதட்டில் வைக்கிறாள். வில்லனுக்குப் பின்னால் நிற்கும் அந்தப் பையனுக்கு எல்லாம் தெரியும். அவன் வாய் திறக்கவில்லை. விசிலின் கணக்கும் பையனின் கணக்கும் ஒரே காட்சியில் தீர்கின்றன, புதிய மந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. பெரிய கடன்களை எழுதும்போது இந்தக் கேள்வியைக் கேட்டுப்பாருங்கள்: பொருள் தீர்ந்த பிறகும் காட்சி நிற்கிறதா?

புதிய மந்திரத்தைப் பற்றி ஒரு கறாரான விதி வைத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தின் முதல் கால்பகுதிக்குப் பிறகு புது சக்தி, புது ஆயுதம், புது இனம் எதுவும் நுழையக் கூடாது. புது முக்கியப் பாத்திரம் இரண்டுக்கு மேல் வேண்டாம். கடைசி நேரத்தில் வரும் வரத்தால் ஜெயித்தால், முந்தைய பாகங்களில் பட்ட பாடெல்லாம் எதற்கு என்று வாசகர் கேட்பார், நியாயமாகவே. பெரியவர்கள் உதவலாம், வழிகாட்டலாம், சாகலாம். முடிவெடுப்பது குழந்தையாக இருக்க வேண்டும்.

இனி அளவு. அறுபதாயிரம் சொல் என்று வைத்துக்கொள்வோம். முதல் பதினைந்தாயிரத்துக்குள் எல்லோரும் எங்கே நிற்கிறார்கள், இந்தமுறை தோற்றால் எது போகும் என்பது தெரிந்துவிட வேண்டும். கடைசி மோதல் நாற்பத்தைந்தாயிரம் வாக்கில் தொடங்கி ஐம்பத்து நான்காயிரத்தில் முடியட்டும். மீதி ஆறாயிரம் சொல் கரை இறங்க. இந்த ஆறாயிரத்தைத்தான் எல்லோரும் இரண்டாயிரமாகச் சுருக்குகிறார்கள். எழுதியவருக்குக் களைப்பு, அவ்வளவுதான். பல பாகங்கள் கூடவே நடந்த குழந்தைக்கு ஒவ்வொருவரிடமும் விடைபெற நேரம் வேண்டும்.

கிளைக்கதைகளை மூடும் வரிசைக்கு எளிய வழி ஒன்று உண்டு: கடைசியில் திறந்ததை முதலில் மூடுங்கள். மூன்றாம் பாகத்தில் முளைத்த சண்டை முதலில் தீரட்டும், பிறகு இரண்டாம் பாகத்தின் துரோகம். முதல் பாகத்தின் முதல் அத்தியாயத்தில் எழுந்த கேள்வி கடைசியில் மூடட்டும். வரிசை மாறி, பெரிய கேள்வி முதலில் தீர்ந்துவிட்டால் மற்றதெல்லாம் பாக்கி வேலை மாதிரித் தெரியும்.

முன்கதை பெரிய தலைவலி. சில வாசகர்கள் ஒன்றிரண்டு வருடம் காத்திருந்திருப்பார்கள். சிலர் நேற்றுதான் மூன்றாம் பாகத்தை மூடியிருப்பார்கள். 'உனக்கு நினைவிருக்கிறதா' என்று பாத்திரங்கள் ஒருவருக்கொருவர் தெரிந்ததையே சொல்லிக்கொள்வது இருவருக்கும் அலுப்பு. தொடக்கத்தில் ஒரு பக்கம் 'இதுவரை' என்று நேர்மையாக எழுதிவிடலாம், வேண்டியவர் படித்துக்கொள்ளட்டும். கதைக்குள் நினைவூட்ட வேண்டியதைச் செயலில் காட்டுங்கள். நண்பனின் வலது கை போனது என்று சொல்ல வேண்டாம். அவன் இடது கையால் முடிச்சுப் போடத் திணறட்டும்.

வாசகரின் வயதும் சும்மா இருப்பதில்லை. ஹாரி பாட்டர் தொடரின் முதல் புத்தகம் 1997-இல், ஏழாவது 2007-இல் வந்தது. பதினொரு வயதில் தொடங்கியவர் இருபத்தொன்றில் முடித்தார். ஆனால் இன்று ஒரு குழந்தை ஏழையும் ஒரே கோடை விடுமுறையில் படித்துவிடலாம். உங்கள் தொடர் பாகத்துக்குப் பாகம் இருண்டுகொண்டே போனால், கடைசிப் பாகத்தின் கொடூரத்தை இந்த இரண்டாவது குழந்தையை மனதில் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

மரணம் எழுதலாம். ஆனால் செத்தவருக்காக அழ ஒரு காட்சியாவது வேண்டும், அவர் இல்லாததால் கதையில் ஏதாவது நின்றுபோக வேண்டும். பிறகு மந்திரத்தால் எழுப்பிவிட்டால் அடுத்த சாவை யாரும் நம்ப மாட்டார்கள். (தாத்தாவைக் கொன்றால் மன்னிக்கிறார்கள், நாயைக் கொன்றால் மன்னிப்பதில்லை. கொல்லத்தான் வேண்டுமா என்று இரண்டு நாள் யோசியுங்கள்.) சாவைவிடக் கவனம் தேவைப்படுவது ஒதுக்கிவிடுதல். நார்னியா தொடரின் கடைசிப் புத்தகம் 1956-இல் வந்தது. முந்தைய புத்தகங்களில் நார்னியா என்ற மாய நாட்டுக்குப் போய்வந்த சூசன் இனி அந்த நாட்டின் தோழி இல்லை என்று அதில் சில வரிகளில் சொல்லித் தள்ளிவிடுகிறார்கள். அவள் அங்கே வந்து பேசக்கூட இல்லை. அந்தச் சில வரிகளைப் பற்றி இன்றுவரை வாசகர்கள் சண்டை போடுகிறார்கள். கூட வந்த பாத்திரத்தை அனுப்பிவைப்பதென்றால் அதன் வாயாலேயே பேசவிட்டு அனுப்புங்கள்.

பல வருடம் தாவும் பின்கதை எழுதுவதற்கு முன், அது இல்லாமல் புத்தகம் நிற்கிறதா என்று பாருங்கள். யார் யாரைக் கல்யாணம் செய்தார்கள், என்ன வேலை, எத்தனை பிள்ளை என்று கணக்கு ஒப்பித்தால், குழந்தை தானாகக் கட்டிக்கொள்ளும் எதிர்காலத்துக்கு இடமிருக்காது.

வரைவு முடிந்ததும் ஐந்து குழந்தைகளிடம் கொடுங்கள். மூவர் எல்லாப் பாகமும் படித்தவர்கள், ஒருவர் இப்போதுதான் முழுவதையும் ஒரே மூச்சில் படிப்பவர், ஒருவர் இதை மட்டும் படிப்பவர். 'பிடித்ததா?' என்று கேட்டால் 'நல்லா இருக்கு' என்பார்கள், ஒன்றும் தேறாது. புத்தகத்தைக் கீழே வைத்த பக்கத்தில் மடித்து வைக்கச் சொல்லுங்கள். பிறகு 'அந்தக் குதிரை இப்போது எங்கே இருக்கிறது?' மாதிரிக் கேளுங்கள். கோட்டையில் கட்டிப்போட்ட குதிரையை நீங்களே மறந்திருப்பீர்கள்.

கடைசியாகச் சரிபார்க்க வேண்டியவை: தூரம், நாள்கணக்கு, பெயர்கள். இரண்டாம் பாகத்தில் ஒன்பது நாள் பிடித்த மலைப்பாதையை அவசரத்தில் ஒரே இரவில் கடந்துவிடுவது வழக்கமான தவறு. கற்பனைப் பெயர்களில் ர-ற, ன-ண மாறியிருக்கும். கணினியில் தேடும்போது முழுப்பெயரைப் போடாதீர்கள். 'வெண்கோட்டம்' என்று தேடினால் 'வெண்கோட்டத்தில்', 'வெண்கோட்டத்துக்கு' எதுவும் சிக்காது. 'வெண்கோட்ட' வரை போட்டுத் தேடுங்கள், பிறகு 'வென்கோட்ட' என்றும் ஒருமுறை. அச்சான பாகத்திலேயே முரண் இருந்தால், அந்தப் பாத்திரம் பொய் சொன்னது என்று இங்கே சமாளிக்கலாம், ஒரே ஒரு முறை மட்டும். மற்ற முரண்களைப் பக்க எண்ணோடு தனித்தாளில் எழுதி வையுங்கள். முதல் பாகம் மறுபதிப்புக்குப் போகும்போது எடிட்டர் கையில் கொடுக்க அது உதவும்.