900ஆல் வகுத்தால் விமான நேரம் வந்துவிடுமா?

இரண்டு நகரங்களுக்கு நடுவே எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்து, அதை 900ஆல் வகுத்து, வந்த விடையைப் பயண நேரமாக எடுத்துக்கொள்வது எல்லோரும் செய்கிற தவறு. நானும் செய்திருக்கிறேன். 500 கி.மீ. தூரத்துக்கு 33 நிமிடம் என்று கணக்கு வந்தது. டிக்கெட்டிலோ ஒன்றேகால் மணி நேரம் என்றிருந்தது. மணிக்கு 900 கி.மீ. என்பது விமானம் உயரத்துக்குப் போய்ச் சீராகப் பறக்கும்போது உள்ள வேகம். டிக்கெட்டில் உள்ள நேரம், விமானம் நின்ற இடத்திலிருந்து நகர்வதில் தொடங்கி, போய்ச் சேர்ந்த இடத்தில் நிற்பது வரைக்குமானது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்க வரிசையில் காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம். தூரம் குறையக் குறைய இந்தக் கணக்கு இன்னும் மோசமாகப் பிசகும்.

அடுத்தது, போக எத்தனை மணி நேரமோ வரவும் அத்தனை மணி நேரம்தான் என்று நினைப்பது. லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே சுமார் 5,540 கி.மீ. லண்டனிலிருந்து போக ஏறக்குறைய 8 மணி நேரம், திரும்பி வர ஏழு அல்லது அதற்கும் குறைவு. பூமி சுழல்வதால்தான் இப்படி என்று சிலர் சொல்வார்கள். அது காரணமில்லை, பூமியோடு சேர்ந்து காற்று மண்டலமும்தான் சுழல்கிறது. பத்து கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் ஸ்ட்ரீம் காற்றுதான் காரணம். 2020 பிப்ரவரியில் அந்தக் காற்று பலமாகப் பின்னாலிருந்து தள்ளியதில், நியூயார்க்கில் கிளம்பிய ஒரு பயணிகள் விமானம் 5 மணி நேரத்துக்குள் லண்டனில் இறங்கிவிட்டது.

சரி, தூரமாவது நிலையானதா? சுவரில் மாட்டிய வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால் அதுவும் தப்பு. உருண்டையான குளோபில் டோக்கியோவுக்கும் நியூயார்க்குக்கும் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள், அது அலாஸ்கா மேலே போகும். இணையத்தில் காட்டும் தூரம் அந்த நூலின் நீளம்தான். விமானம் அதை அப்படியே பின்பற்றும் என்று சொல்ல முடியாது. 2022இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட பிறகு, ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு 9 மணி நேரமாக இருந்த பயணம் 13 மணி நேரத்தை நெருங்கியது. நூலின் நீளத்தில் ஒரு கிலோமீட்டர்கூடக் கூடவில்லை.

அலகையும் கவனியுங்கள். வெறும் 'மைல்' என்று போட்டிருந்தால் அது 1.609 கி.மீ. மைலா, விமானிகள் பேசும் 1.852 கி.மீ. கடல் மைலா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம், டிக்கெட்டில் உள்ள இரண்டு நேரங்களைக் கழித்துப் பார்ப்பது. புறப்படும் நேரம் அந்த ஊர்க் கணக்கு, சேரும் நேரம் இந்த ஊர்க் கணக்கு. கோடையில் டோக்கியோவில் மாலை 5 மணிக்கு ஏறி 10 மணி நேரம் பறந்தால், லாஸ் ஏஞ்சல்ஸில் அதே நாள் காலை 11 மணிக்கு இறங்குவீர்கள். கழித்தால் மைனஸ் 6 மணி நேரம் வரும்! குளிர்காலத்தில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள். அதே பயணம் காலை 10 மணிக்கே முடியும்.

கடைசியாக, 'டைரக்ட்' என்றிருந்தால் நடுவில் எங்கும் நிற்காது என்று நம்பிவிடாதீர்கள். விமான எண் மாறாமல், வழியில் ஓர் ஊரில் இறங்கி ஏறும் விமானத்தையும் அப்படித்தான் சொல்வார்கள். நிற்காமல் போவது வேண்டுமென்றால் 'நான்ஸ்டாப்' என்று இருக்கிறதா பாருங்கள்.