ஓதத் தீவில் பறவை பார்க்க: கடிகாரத்தைச் சரிபாருங்கள்

கடல் வற்றும்போது மட்டுமே நடந்து போக முடிகிற தீவு என்றால், வசந்தத்தில் பலர் ஏமாறுவது கோடைக்கால நேர மாற்றத்தில்தான், அதாவது சில நாடுகளில் கடிகாரத்தை 1 மணி நேரம் முன்னே நகர்த்துவதில்தான். கடல் ஏறி இறங்கும் நேரங்களைச் சொல்லும் சில ஓத அட்டவணைகளில் அந்த 1 மணி நேரம் சேர்ந்திருக்காது, நீங்கள்தான் கூட்டிக்கொள்ள வேண்டும். கடலிலிருந்து கரையை நோக்கிக் காற்று பலமாக அடித்தாலும் அட்டவணையை நம்பாதீர்கள். பள்ளங்களில்தான் தண்ணீர் முதலில் ஏறி வழியை அடைக்கும்.

விடியலில் காற்று படாத பக்கத்துப் புதர்களைப் பாருங்கள், இரவில் பறந்து களைத்த கதிர்க்குருவிகள் அங்கே இறங்கியிருக்கும். பிறகு உயர் ஓதம்வரை தீவிலேயே இருங்கள். சேறு மூழ்க மூழ்க, அதில் இரை தேடும் கரைப்பறவைகளான உள்ளான்கள் பாறைகளில் ஒதுங்கும். கல்திருப்பி உள்ளான் பாசியை அலகால் புரட்டுவதை அப்போது நன்றாகப் பார்க்கலாம். வெயில் முதுகில் படும்படி உட்காருங்கள். தூங்கும் கூட்டம் தலை தூக்கினால் மெதுவாகப் பின்வாங்குங்கள். நீண்ட பயணத்துக்குச் சேர்த்த கொழுப்பை ஒவ்வொரு பதற்றமும் கரைக்கிறது.