பாப்-அப் கேம்பரின் கூரைக்கு பிளைவுட் வேண்டாம்

பிக்கப் டிரக்கின் பின்பகுதியில் சொந்தமாக பாப்-அப் கேம்பர் (கூரையை உயர்த்தி உள்ளே தங்கும் சிறு அறை) கட்டினால், தூக்கி இறக்கும் கூரையை 2 அங்குல எக்ஸ்பிஎஸ் (கெட்டியான பாலிஸ்டைரீன்) நுரைப் பலகையில் செய்யுங்கள். அதன் இருபுறமும் துவைத்துக் காயவைத்த கான்வாஸ் துணியை மரப்பசையால் ஒட்டி, வீட்டின் வெளிச்சுவருக்கு அடிக்கும் லேடெக்ஸ் (தண்ணீரில் கரையும்) பெயின்டை இரண்டு மூன்று கோட் அடித்தால் போதும். அமெரிக்காவில் கேம்பர் கட்டுபவர்கள் இதை ‘ஏழையின் ஃபைபர்கிளாஸ்’ என்பார்கள்.

4×8 அடி நுரைப் பலகை ஏறக்குறைய 4 கிலோதான். அதே அளவு அரை அங்குல பிளைவுட் 20 கிலோவை நெருங்கும். ஒவ்வொரு முறையும் கையால் தூக்கும் கூரைக்கு இது பெரிய வித்தியாசம். நுரை தடிமனைக் கொடுக்கிறது, இருபுறமும் ஒட்டிய துணி இழுப்பைத் தாங்குகிறது, அதனால் கூரை விறைப்பாக நிற்கும். உள்பக்கம் தெரியாதே என்று ஒரு பக்கம் மட்டும் ஒட்டிவிடாதீர்கள். துணி காய்ந்து இறுகும்போது பலகை வளைந்துவிடும். பசை ஈரம் தாங்குவதாக இருக்கட்டும். டைட்பாண்ட் 2 என்ற மரப்பசை சரியாக வரும், சாதாரண வெள்ளைப் பசை மழையில் இளகும்.

நுரையில் ஸ்க்ரூ பிடிக்காது. கீல், தாழ்ப்பாள் வரும் ஓரங்களில் மரச்சட்டம் வைத்தே ஆக வேண்டும். தின்னர் கலந்த பெயின்ட் நுரையைக் கரைத்துவிடும். கறுப்பு போன்ற அடர்நிறமும் வேண்டாம், பாலைவன வெயிலில் நுரை உருக்குலையலாம். கூரைமேல் ஆள் ஏறுவதாகவோ, சாமான் கட்டுவதாகவோ, கனமான பனி விழும் ஊரில் நிறுத்துவதாகவோ இருந்தால் இந்த முறை ஒத்துவராது.